மணியக்காவின் குரல்

இருட்டும் நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து 'டும்' என்று ஒரு சத்தம் கேட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மெக்சிகோவின் வடக்கு எல்லையில், ஸ்பெயின் ராஜாவின் பட்டாளத்தை ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்ற காலம் அது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெஃபூகியா கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

"நகர்ந்து தொலையேன்டா! ராஜாவோட குதிரைங்க வருது," என்றது கதவு.

"கோயில் மணியக்கா சாயங்கால ஜெபத்துக்குக் கூப்பிடட்டும். அப்புறம்தானே என்றைக்கும் சாத்துவோம்?" என்றது தாழ்ப்பாள்.

"பைத்தியமே! நம்ம ஊர்க்காரங்க அவளை உருக்கிப் பீரங்கி ஆக்கி மாசக்கணக்காச்சு."

தாழ்ப்பாள் நம்பவில்லை. மணியக்கா கூப்பிட்டதும் ஆடுகள் வீடு திரும்பும். சோள ரொட்டி மணக்கும். ரெஃபூகியா சிலுவை போட்டுக்கொண்டே தாழ்ப்பாளைத் தள்ளுவாள். அந்த மாலைகளுக்காகவே அது துருவேறிக் காத்திருந்தது.

மறுபடியும் 'டும்'. அந்தச் சத்தத்தின் முடிவில் மணியின் அதே பழைய ரீங்காரம் இழுத்தது.

"அக்கா! தொண்டைக்கு என்னாச்சு?"

"நெருப்பைத் தின்னக் கொடுக்கிறாங்கடா தம்பி. ராஜாவோட ஆளுங்களை நான் பார்த்துக்கிறேன். சாயங்காலம் ஆயிடுச்சு, வீட்டைச் சாத்து."

துரு பொலபொலவென்று உதிர்ந்தது. ரெஃபூகியா இன்னொரு முறை தள்ளினாள். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் நிலையின் துளைக்குள் விழுந்தது.