எழிலரசியின் தப்பு

ஆங்கில வீட்டுப்பாடத்தை எல்லார் வீட்டிலும் ஏ.ஐ. மெஷின்தான் எழுதும். சந்தேகம் வராமலிருக்க, பிள்ளைக்கொரு தப்பைக் கொசுறாகப் போட்டுத் தரும். ஜவுளிக்கடை மாணிக்கவாசகத்தின் மகள் எழிலரசிக்கு வாய்த்தது, 'வென்ட்' வரவேண்டிய இடத்தில் 'டிட் வென்ட்'.

அம்மா இறந்த மாதம், அம்மாவைப் பற்றிய கட்டுரையை அவளே எழுதினாள். பள்ளியில் பூஜ்யம் போட்டார்கள். அப்பாவும் மகளும் ஆங்கில டீச்சர் முன்னால் போய் நின்றார்கள்.

"என் பொண்ணு கைப்பட எழுதினதுங்க மேடம்."

"இவ வழக்கமா பண்ற தப்பு இதுல இல்லையே சார். வேற யாரோ எழுதினதுன்னு எங்க மெஷின் சொல்லுது. பாஸாகணும்னா திருத்தித் தரச் சொல்லுங்க."

"அசல் சரக்குக்கு இங்க மதிப்பில்லபோல," என்றார் மாணிக்கவாசகம்.

எழிலரசி பேனாவை எடுத்துக் கடைசி வரியைத் திருத்தினாள்: 'மை மதர் டிட் வென்ட்.'

டீச்சர் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "இப்பத்தாம்மா நீ எழுதின மாதிரி இருக்கு."