மஞ்சள் கதவு

குழந்தைகளுக்காக ஜெசிந்தா செய்துகொண்டிருந்த செல்போன் விளையாட்டில் பத்து ரூபாய்க்கு ஒரு மஞ்சள் கதவு இருந்தது. காசு கட்டியாயிற்று என்று போன் சொன்னால் மட்டும் அது திறக்காது. ரசீது அசல்தான் என்று ஆப் விற்கும் கடையின் சர்வரும் சொல்ல வேண்டும். கதவுக்குப் பின்னால் வர வேண்டிய தோட்டத்தை, அவளுடன் வேலை செய்யும் முபாரக் இன்னும் வரையவில்லை. அங்கே வெறும் இருட்டுதான். விளையாட்டு வெளியாகவும் இல்லை. சோதனைக்காகத் தன் போனில் மட்டும் கதவை வாங்கி, அது திறப்பதைப் பார்த்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டாவதாக ஒரு ரசீது வந்திருந்தது.

"நீங்க வாங்கிப் பாத்தீங்களா, முபாரக்?"

"எங்கிட்ட இன்னும் ஆப்பே இல்லையே மேடம். எவனோ உள்ள பூந்துட்டான் போல." எதிர்மேசையில் அவன் அவசரமாக எதையோ தட்டத் தொடங்கினான்.

அவள் மூன்று முறை சரிபார்த்தாள். மூன்று முறையும் அசல் என்றே வந்தது. கள்ள ரசீதாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்போது உதவிப் பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது.

'கதவை வாங்கியது என் மகள்தான். பணம் திரும்ப வேண்டாம். உள்ளே போய்விட்டாள், கூப்பிட்டால் குரல் மட்டும் வருகிறது. அவள் வெளியே வரும்வரை தயவுசெய்து கதவைச் சாத்திவிடாதீர்கள்.'

ஜெசிந்தா நிமிர்ந்து எதிர்மேசையைப் பார்த்தாள்.

"கவலப்படாதீங்க மேடம்," என்றான் முபாரக். "அந்தக் கதவயே எடுத்துட்டேன். இனி யாராலயும் திறக்க முடியாது."

மேசையில் கவிழ்ந்து கிடந்த அவளுடைய போனை, உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை தட்டத் தொடங்கியது.