டாங்கியின் எடை

விமானம் தூக்கிப்போய்ப் பனிமலையில் இறக்குகிற இலகு டாங்கி அது. ஓட்டுபவனையும் சேர்த்து, எடை வரம்பை ஒரு கிலோகூட மீறக் கூடாது. மகன் கோவேந்தனை அதை ஓட்ட எடுத்த நாளிலிருந்து அஞ்சலை அடுப்பை அணைக்கவில்லை. உடம்பு பெருத்தால் கழித்துவிடுவார்கள் என்று நம்பினாள்.

"இன்னொரு தோசை துண்ணுடா, நெய் ஊத்திக்கினு."

எடை பார்க்கும் நாளில் அவளும் முகாமுக்குப் போனாள்.

"எட்டுக் கிலோ ஜாஸ்தி," என்றார் சுபேதார்.

அஞ்சலை கெங்கையம்மனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்போ வூட்டுக்குக் கூட்டினு போவட்டா சார்?"

"ஆள் வேணும்மா. எடையைத்தான் சரி பண்ணணும்," என்ற சுபேதார் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"ஓட்டுறவன் சீட்டுக்கு முன்னால குண்டு தடுக்கிற தகடு இருக்குல்ல, அதுல எட்டுக் கிலோ அறுத்து எடுத்துடு."