மொட்டைத் தலைக்கு ஒரு துஆ

முர்ஷித் வாயைத் திறக்கவே இல்லை.

ஏசிப் பார்த்தாயிற்று, அறைந்து பார்த்தாயிற்று, கடைசியில் சலூன்காரனைக் கூப்பிட்டு மொட்டையும் அடித்தாயிற்று. பள்ளிவாசல் தண்ணீர் மோட்டரை எங்கே ஒளித்தாய் என்ற ஒரே கேள்விக்கு அந்தக் கல்லுளிமங்கன் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

பள்ளித் தலைவர் மீராமுகைதீனுக்குத் தலை வெடித்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்த சனம் கைகால் கழுவி வுழூச் செய்யத் தண்ணீரில்லாமல் வாளியோடு அலைந்தது. அத்தனை பேரும் ஏசியது கள்ளனை அல்ல, அவரைத்தான்.

பொலிசில் கொடுப்போம் என்று சிலர் சொன்னார்கள். கொடுத்தால் பிணையில் வந்து மின்விசிறியையும் கழற்றுவான் என்றார் அவர். அடியாத மாடு படியாது என்பது அவர் கட்சி. நாலு பேர் பார்க்க நின்றால் வெட்கத்தில் தானாகக் கக்குவான் என்று சொல்லித்தான் பெரிய வீதியோரம், பள்ளி வாசலில் அவனை நிறுத்தியிருந்தார்.

மொட்டைத் தலை வெயிலில் மினுங்க, முர்ஷித் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் சம்மாந்துறை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு தாய் நேரே அவனிடம் வந்தார்.

“உம்றாவுக்குப் போய் வந்த தலை போல, மகன். மௌத்தாப் போன என்ட புள்ளைக்கு ஒரு துஆக் கேளுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மக்காவுக்குப் போன மொட்டைக்கும் மோட்டர் திருடிய மொட்டைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசி என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

அந்தத் தாய் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. இறந்த மகனுக்கான பிரார்த்தனைக்குக் கைகளை ஏந்திக்கொண்டு காத்து நின்றார்.

முர்ஷித் கூட்டத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு மெல்லக் கைகளை ஏந்தினான்.

ஓதத் தொடங்கினான். அழுகையோடுதான் முடித்தான். சிரித்தவர்களே ஆமீன் சொன்னார்கள். தலைவரும் வேறு வழியில்லாமல் சொல்லிவைத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோட்டர் ரைஸ் மில்லுக்குப் பின்னால் உமிக்குள் கிடக்கிறது என்றான் முர்ஷித்.

தலைவருக்கு வந்த கடுப்புக்கு அளவில்லை. தொண்டை கிழியக் கத்தியது அவர். பலித்தது யாரோ ஒருத்தியின் அறியாமை. விடக்கூடாது என்று அந்தத் தாயின் பின்னாலேயே போய், அவன் உம்றாக்காரன் இல்லை, கள்ளன் என்று அவருக்கு எடுத்துச் சொன்னார்.

அந்தத் தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“ஓம், தெரியும் ஹாஜியார். என்ட மகனுக்கும் ஊருல இப்படித்தான் மொட்டை அடிச்சாங்க. அவன்ட்ட ஒருத்தரும் துஆக் கேக்கல்ல.”