மூக்கன் சேர்த்த சரக்குப் பெட்டிகள்

மூக்கன் என்ற சுண்டெலிக்குப் பொம்மை ரயிலின் சரக்குப் பெட்டிகள் என்றால் உயிர். கிடைத்ததையெல்லாம் வளைக்குள் இழுத்துப்போய் அடைத்ததில், அதற்கே படுக்க இடமில்லாமல் போனது.

"எதுக்குடா இத்தனை?" என்றது பல்லி.

"பச்சைப் பெட்டி ஒண்ணு கிடைச்சுட்டா நிறுத்திடுவேன் அண்ணே," என்றது மூக்கன்.

அன்று மாலையே பூனை துரத்தியது. வளைக்குள் நுழைய வழியில்லை. வாசலில் கிடந்த ஒரு திறந்த பெட்டிக்குள் மூக்கன் குதித்தது. குதித்த வேகத்தில் பெட்டி உருண்டோடி அலமாரிக்கடியில் புகுந்தது. பூனையின் தலை அங்கே நுழையவில்லை. அது முறைத்துவிட்டுப் போய்விட்டது.

பல்லி பதறி ஓடிவந்தது. "இனிமேலாவது விடுவியா?"

"விட்டுட்டேன் அண்ணே! சரக்குப் பெட்டி பக்கமே போகமாட்டேன்," என்றது மூக்கன், மூச்சு வாங்கியபடி. அலமாரிக்கடியில் தூசி படிந்து கிடந்த எஞ்சினை அது ஆசையாகத் துடைத்துக்கொண்டிருந்தது.