இல்லாத கணையத்தின் வேலை

கிள்ளான் லோரி டிரைவர் நாகலிங்கத்துக்கு விபத்தில் நசுங்கிய கணையத்தை முழுசாக எடுத்து மூன்று வருஷமாகிறது. பதினாறாம் நாள் அதற்குக் கருமாதியும் செய்துவிட்டார். கணையம் போனதிலிருந்து இன்சுலின் ஊசிதான். ஊசி போடுகிறவனுக்கு லோரிச் சாவி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டதால் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

இந்த மாசம் ஊசி போடாமலே சர்க்கரை சரியாக இருந்தது. டாக்டர் ஜனகா ரத்தத்தைச் சோதித்தார்.

"அங்கிள், கணையத்துச் செல்லுக்குள்ள ஒரு நீளச் சங்கிலி உண்டாகும். என்சைம் அதை வெட்டினா இன்சுலின் ஒரு பக்கம், மிச்சத் துண்டு ஒரு பக்கம். ஊசி மருந்துல அந்தத் துண்டு இருக்காது. உங்க ரத்தத்துல நிறைய இருக்கு. இன்சுலின் உள்ளேயே உண்டாகுது."

"அப்ப வெட்டுறது யாரு?"

ஸ்கேன் எடுத்தார்கள். கணையம் இருந்த இடம் காலியாகவே இருந்தது.

"கருமாதி பண்ணினதுல அதுக்குத் திருப்தி போல," என்று மனைவி மாதவி சிரித்தாள். "வருஷா வருஷம் திவசமும் வைங்க லா!"

டாக்டரும் சிரித்துவிட்டு, கண்டதை முதலாளிக்குத் தர வேண்டிய மருத்துவப் பாரத்தில் எழுதினார்: கணையம் இல்லை. கணையம் நன்றாக வேலை செய்கிறது.

முதலாளி இரண்டு வரியையும் படித்தார். "இங்க இருக்கிறவனே வேலை செய்ய மாட்டேங்கிறான் லா," என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

நாகலிங்கம் லோரியில் ஏறி பெல்ட்டை மாட்டினார். விலாவுக்குக் கீழே கை பட்டது. காலி இடம் வெதுவெதுப்பாக இருந்தது.