எண்ணிக்கைக்கும் மணிக்கும் நடுவில்

முதல் முறை செருகியபோது பென்டிரைவைக் கணினி கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் முறை, பழுது என்று பழி வந்தது. மூன்றாம் முறை பிடுங்கி மேசைமேல் போட்டார்கள். அதன் வயிற்றில் ஆலைத் தொழிலாளர்களின் கூலி மனு இருந்தது. மாலைக்குள் அது அச்சாகியே தீர வேண்டும்.

கிடந்த இடத்திலிருந்தே பென்டிரைவ், கணினிக்குள் இருக்கும் பதிவாளனைக் கேட்டது: "எங்களை எப்படி ஐயா பதிவு செய்கிறீர்?"

"கணினி விழித்ததும் ஒவ்வொரு துளையாகப் பார்த்து, இருப்பவர்களை எண்ணுவேன். எண்ணி முடித்த பிறகு வாசல் மணிக்குக் காது கொடுப்பேன்."

"நீர் பார்த்துவிட்டுப் போன துளைக்கு, எண்ணி முடிப்பதற்குள் ஒருவன் வந்தால்?"

"மணி அடித்திருப்பான். எனக்குக் கேட்டிருக்காது."

"மூன்று முறையும் நீர் எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் என்னைச் செருகினார்கள்; மணி அடித்தேன். முதலில் காதைத் திறந்து வையும். பிறகு எண்ணும்."

"ஒரே ஆள் இரண்டிலும் வந்துவிட்டால்?"

"ஒருமுறை எழுதும். அதற்குக்கூடச் சங்கம் கூட்டவேண்டுமா?"

மவுஸ் சிரித்தது. பதிவாளன் சிரிக்கவில்லை.

கணினி மறுபடி விழித்தது. பதிவாளன் காதைத் திறந்து வைத்து எண்ணத் தொடங்கினான். பாதியில் பென்டிரைவை மறுபடி செருகினார்கள்; மணி அடித்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, மவுசும் விசைப்பலகையும் கேட்க உரக்கப் படித்தான்:

"மூன்றாம் துளை. பெயர், நூற்பாலைத் தொழிலாளர் சங்கம்."